பச்சை அட்டை, மஞ்சள் அட்டை

பிப்ரவரி 3

அன்புள்ள அக்கா,

போனில் சொன்னால் கத்துவாய். அதனால் கடிதம்.

நீ புரதத்துக்காக விரதம் இருக்கிறாய், சாப்பாடே இறங்கவில்லை என்று அம்மா புலம்புகிறாள். அறுந்துபோன நரம்பு இணைப்பை இரு பக்கமும் பிடித்துத் தைக்கும் என்று நாலு வருடமாக நீ வடிவமைத்த புரதம். நரம்பு அறுந்த எலிகளில், அதை ஊசியில் ஏற்றிக்கொண்டவை சுழலும் கம்பியிலிருந்து பொத்துப் பொத்தென்று விழுகின்றனவாம். வெறும் உப்புநீர் ஏற்றியவை ஜம்மென்று நடக்கின்றனவாம். வெள்ளிக்கிழமை ஆய்வையே மூடப் போகிறாயாம்.

மூடாதே. லீவுக்கு உன் ஆய்வகத்துக்கு வந்தபோது, நீ டீ குடிக்கப் போன பத்து நிமிடத்தில், புரத எலிக் கூண்டின் பச்சை அட்டையையும் உப்புநீர் எலிக் கூண்டின் மஞ்சள் அட்டையையும் மாற்றி மாட்டினேன். சொந்தப் பிள்ளைகளை உனக்கு அடையாளம் தெரிகிறதா என்று பார்க்கத்தான். வந்ததும் சொல்லிச் சிரிக்க இருந்தேன். ஐஸ்கிரீமைப் பார்த்ததும் மறந்துபோனது. வீட்டுக்குத் திரும்பியபின் ஞாபகம் வந்தது. கூடவே பயமும் வந்தது.

ஆக, ஜம்மென்று நடப்பவைதான் உன் புரத எலிகள். நன்றியெல்லாம் வேண்டாம்.

உன் வாலு

பிப்ரவரி 9

வாலு,

மூன்று முறை படித்தேன். முதல் முறை கூண்டுகளைப் பார்க்க ஓடினேன். இரண்டாம் முறை உன்னை அடிக்கத் தோன்றியது. மூன்றாம் முறை சிரிப்பு வந்துவிட்டது, அதில் என் மேலேயே கோபம்.

முடிவை அப்படியே தலைகீழாக எழுதிவிட முடியாது. தங்கை சொன்னாள் என்று எந்த ஆய்விதழில் போடுவார்கள்? எலிகளின் காதில் குறி போடாதது என் தப்பு. அட்டையைத் தொட்டது உன் தப்பு. புதிதாகப் பதினாறு எலிகள், இன்னும் மூன்று மாதம். ஆய்வகத் தலைவரிடம் எல்லாம் சொன்னேன். "அந்தப் பொண்ணு இனிமே இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது" என்றார்.

இம்முறை எந்த எலிக்கு எது என்று எனக்கே தெரியாது. ஊசி போடும் தோழி எழுதிய பட்டியல் அரக்கு வைத்த உறைக்குள் இருக்கிறது. ஆய்வகத்துக்கு வெளியே ஒருவர் அதை வைத்திருக்க வேண்டும். நான் உன்னைச் சொன்னேன். தலைவர் "யாரு?" என்று இரண்டு தடவை கேட்டார்.

இத்துடன் அனுப்புகிறேன். திறக்காதே.

அக்கா

மே 20

அக்கா,

எந்த எலி நின்றது, எது விழுந்தது என்றெல்லாம் மையில் எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று, உறையை அனுப்பு என்றாய். இதோ.

இத்தனை நாளும் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். நான் திறக்கவே திறக்காத இடம் அதுதான். ஒருநாள் மட்டும் விளக்குக்கு நேரே பிடித்தேன். உடனே கண்ணை மூடிக்கொண்டேன். அம்மா எனக்குக் காய்ச்சல் என்று நினைத்துவிட்டாள்.

விழாமல் நின்றவை உன் புரத எலிகள்தான், எழுதி வைத்துக்கொள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் நான் அனுப்பும் முதல் தபால் இது.

வாலு

மே 27

வாலு,

அரக்கு உடையவில்லை என்று தலைவரே பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பிறகு திறந்தோம். கம்பியில் நின்ற எட்டில் ஏழு, புரதம் ஏற்றியவை. எட்டாவது உப்புநீர் எலி. அதற்கும் உன் ஜாதகம் போலிருக்கிறது, இடம் மாறி நிற்கிறது.

அடுத்தது நாற்பது எலிகள். உறையை யாரிடம் கொடுப்பது என்று தலைவரிடம் கேட்டேன். அவர் பேனாவை எடுத்தார். இத்துடன் வரும் உறையின் மேல் உன் முகவரி இருக்கிறதே, அது அவர் கையெழுத்து.

அக்கா