காலியாகாத பாட்டில்

ஆவணி 4, வியாழன்

காலையில் தூறல். பத்து மணிக்கு மேல் சுள்ளென்று வெயில். ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்து ஊர் காலியாகக் கிடக்கிறது. நிம்மதி.

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். ஆனியில் இரண்டு பேர். இருவருமே எங்கள் ஆஸ்பத்திரிக்குப் பிரசவத்துக்கு வந்தவர்கள். இருவருக்கும் குளிர் ஜுரம், இருவர் ரத்தத்திலும் ஒரே கிருமி. லேப்பிலிருந்து எழுதிக் கொடுத்தேன். பெரிய டாக்டர் அந்தத் தாளை மடித்து, ஆடுகிற மேஜைக் காலுக்கு அடியில் வைத்தார். "நீ ரத்தத்தப் பாருய்யா, வைத்தியத்த நான் பாத்துக்கறேன்." எம்.எஸ்ஸி. படித்தவனிடம்! என் பிரமோஷனை ஆறு வருஷமாக அமுக்கி வைத்திருப்பவரும் இவர்தான். இரண்டு பேரில் ஒருத்திதான் பிழைத்தாள். மேஜை இப்போது ஆடுவதில்லை. தினமும் பார்க்கிறேன்.

இன்று மூன்றாவது. ஜெயம்மா. பொதட்டூர்பேட்டை, தறிக்காரர் வீடு. ஞாயிறன்று ஆயுதம் போட்டு எடுத்த பிரசவம். ரத்தம் நிறையப் போய்விட்டது, கையில் டிரிப். நேற்றிலிருந்து உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிறது. குழந்தை நலம். கிருமி வளருமா பார்க்க அவள் ரத்தத்தை இறைச்சிச் சாற்றில் விட்டு என் பல்புப் பெட்டியில் வைத்தேன். (மரப்பெட்டி, நாற்பது வாட் பல்பு. இன்குபேட்டர் கேட்டு மூன்று முறை எழுதியதற்குப் பதில் இல்லை.)

புருஷன் முனிரத்தினம் லேப் வாசலில்: "இன்னாதான் சார் ஒடம்புக்கு? கேட்டா, 'பாத்துகினுதான கீறோம், போய்யா'ன்றாங்க."

ஆவணி 5, வெள்ளி

வெயில். சாறு கலங்கிவிட்டது, கிருமி வளர்ந்திருக்கிறது. தட்டில் தடவினேன். வடிதாளை ஆபீஸில் காகிதம் துளைக்கிற மெஷினில் பொட்டுப் பொட்டாகக் குத்தி, ஒவ்வொன்றையும் ஒரு மருந்தில் நனைத்து மேலே வைத்தேன். எந்த மருந்துக்குக் கிருமி சாகும் என்று நாளைக்குத் தெரியும்.

மனைவி கமலம் கட்டிக் கொடுத்த புளிசாதம் அபாரம். அவளிடம் சொல்லவில்லை.

ஆவணி 6, சனி

பெட்டியைத் திறந்ததும் திராட்சை வாசனை. தட்டு முழுக்கப் பச்சை. ஆனியில் வந்த அதே கிருமி.

பென்சிலின்: பலன் இல்லை.
ஆம்பிசிலின்: இல்லை.
குளோராம்பெனிகால் (டாக்டர் போட்டுக்கொண்டிருப்பது): பொட்டின் மேலேயே ஏறி வளர்ந்திருக்கிறது.
ஜென்டாமைசின்: சுற்றிலும் தெளிந்த வட்டம். வேலூர் நண்பன் கொடுத்த குப்பியில் கடைசிச் சொட்டு.

இந்த முறை தாள் எழுதவில்லை. தட்டையே டாக்டர் மூக்குக்கு நேராக நீட்டினேன்.

"இன்னாய்யா இது?"

"நீங்க போடற மருந்து மேல ஏறி உக்காந்துகினு கீது சார்."

நர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். டாக்டர் ஜென்டாமைசினுக்குச் சீட்டு எழுதினார். இந்த ஊரில் கிடைக்காது. முனிரத்தினம் அரக்கோணம் போய் மெட்ராஸ் ரயில் பிடித்து, விளக்கு வைப்பதற்குள் குப்பிகளோடு வந்துவிட்டான். "ஏழு கட ஏறி எறங்கனேன் சார்." முதல் ஊசி போட்டாயிற்று.

எங்கிருந்து வருகிறது இது? ஊசிகள் கொதித்தவைதான். தண்ணீர்ப் பானை, டிரே, தோல் துடைக்கிற மருந்துநீர் பாட்டில், எல்லாவற்றிலும் ஒரு சொட்டு எடுத்துப் பெட்டியில் வைத்தேன்.

ஆவணி 8, திங்கள்

மருந்துநீர் பாட்டில்! ஊசி குத்துமுன் தோலைத் துடைப்பது. கிருமியைக் கொல்ல வைத்திருப்பதிலேயே அதே கிருமி. தக்கை ஊறி வழவழவென்று.

ஆயா பாக்கியத்திடம் கேட்டேன். "இத எப்ப கழுவன?"

"காலியானாத்தான சாரு கழுவறது? நான் காலியாவ உட்டதே இல்ல."

"ஏன்?"

"நல்லா கேட்டீங்க! வெளக்கு வெக்கற நேரத்துல உப்புப் பானை காலியா இருக்கலாமா? அதுமாரிதான் இதுவும். பாதி எறங்கனா தண்ணியும் மருந்தும் ஊத்தி ரொப்பிடுவேன். பதினோரு வருசமா."

பெருமையாகச் சொன்னாள். தக்கைமேல் குங்குமப் பொட்டு. திட்டத்தான் போனேன். என் வீட்டு உப்புப் பானையும் காலியாவதில்லை. தவிர, ஆனியிலேயே நான் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்திருக்கலாம். அதை விட்டு மேஜைக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாட்டிலைக் கவிழ்த்தேன். "லட்சுமிய சாக்கடைல ஊத்தறீங்களே சாரு!"

ஆவணி 10, புதன்

மழை. நல்ல மழை. ஜெயம்மாவுக்கு ஜுரம் இறங்கிவிட்டது. ஊறுகாய் கேட்டாளாம்.

முனிரத்தினம்: "முந்தாநேத்து என்னிய யாருன்னே தெரியல சார் அவளுக்கு. இன்னிக்கு, 'இன்னாய்யா, சவரம் பண்ணாம கொரங்கு மாரி கீற'ன்றா!" சிரித்தான். அப்படியே துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

டாக்டர் எல்லோர் எதிரிலும்: "கரெக்டா மருந்த மாத்தனேன் பாத்தியா?" வயிறு எரியும் என்று நினைத்தேன். கொஞ்சம்தான் எரிந்தது.

வாங்க வேண்டியது: வடிதாள், பல்பு, கமலத்துக்கு மல்லிப்பூ.

ஆவணி 11, வியாழன்

மேகமூட்டம். ஜில்லா சுகாதார அதிகாரிக்குக் கடிதம். இதே பாட்டில், இதே தக்கை எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்குமே. நான்கு பக்கம் வந்தது. கமலம் படித்தாள்.

"பாட்டில் எங்கங்க வருது? நாலுல மூணு பக்கம் உங்க டாக்டருதான் கீறாரு."

கோடு போட்டு அடித்தேன். பிரமோஷன் போனது. பாக்கியத்தின் பேர் போனது. மேஜைக் கால் கடைசியில் போனது, அதுதான் வலித்தது. மிச்சம் அரைப் பக்கம்: பாட்டிலைத் தினமும் கொட்டிக் கொதிக்க வைக்கவும், தக்கை வேண்டாம், இந்தக் கிருமி வழக்கமான மருந்துக்கு மசியாது.

என் பேர் போட்டால், 'பிரமோஷன் கிடைக்காதவன் வயிற்றெரிச்சல்' என்று ஃபைலில் கட்டி வைப்பார்கள். மொட்டைக் கடுதாசி என்றால் யார் எழுதியது என்று ஆபீஸே கூடி நின்று வரிக்கு வரி படிக்கும்.

"கண்டுபிடிச்சது நீங்க. பேரு வேணாவா உங்களுக்கு?"

வேண்டும்தான். கமலம் தன் கையெழுத்தில் நகல் எடுத்துத் தந்தாள். கீழே பேர் போடாமல் ஒட்டிவிட்டேன். இந்த ஊர் முத்திரை விழாமலிருக்க அரக்கோணத்தில் போய்ப் போடுகிறேன்.