தண்ணீர் கேட்காத தக்காளி

அன்புள்ள மாமா,

இந்நேரத்தில் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் பாப்பா இப்போதுதான் தூங்கினாள். போனில் பேசினால் உங்கள் அம்மாவுக்குக் கேட்கும், அதனால்தான் வாட்ஸப்பில் எழுதுகிறேன். பெருந்துறை ஷிப்ட் முடிந்ததும் படித்துவிடுங்கள்.

என் ஆராய்ச்சித் தக்காளிச் செடிகள் நலம். அதுதான் பிரச்சினை.

பத்து நாள் தண்ணீர் ஊற்றாமல் வாடவிட்டு, இலைக்குள் எந்தச் சிறு ஆர்என்ஏ கூடுகிறது என்று பார்க்க வேண்டும். எந்த மரபணு வாயைத் திறக்கலாம், எது மூடிக்கொள்ள வேண்டும் என்று அதட்டுவது அதன் வேலை. நம் வீட்டில் அத்தை இருப்பது போல. அத்தை இரக்கப்பட்டு ஊற்றிவிடுவார்கள் என்று மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை நானே வைத்துக்கொண்டேன்.

இன்று காலை நான் கதவைத் திறந்ததும், துணி காயப்போட என் பின்னாலேயே வந்த அத்தை பார்த்துவிட்டார்கள். "ஏங்கண்ணு, தண்ணியில்லாமயே நிமிந்து நிக்குதே! உன்ற படிப்பு சும்மா இல்ல அம்மணி!"

மதியத்துக்குள் துடியலூர் முழுக்கச் சொல்லிவிட்டார்கள். கிணறு வற்றிய தன் ஒரு ஏக்கரில் நட, போனில் கேள்விப்பட்ட அந்தியூர்ச் சித்தப்பா நாளைக்கே நாற்றுக் கேட்டு வருகிறாராம்.

சாவி என்னிடம்தான் இருந்தது, மாமா. எட்டாம் நாளான நேற்று ராத்திரி பாப்பா பசித்து அழுதாள். பால் கொடுத்துத் தூங்கவைத்துவிட்டு மாடிக்குப் போனேன். பத்துச் செடிகளும் தலையைத் தொங்கப்போட்டிருந்தன.

ஒரு குடம்தான் ஊற்றினேன்.

ஆராய்ச்சியை முதலிலிருந்து தொடங்கிக்கொள்கிறேன், அது என் பாடு. சித்தப்பா இதை நம்பி நட்டுவிட்டால்? காலை பத்து மணி பஸ்ஸில் வந்துவிடுவார். அவரிடம் நான் சொல்வதா, நீங்கள் சொல்கிறீர்களா? சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள்,
பாப்பாவின் அம்மா