மொடத்தின் சத்தத்தை நான் நிறுத்தவில்லை, மச்சாள்

என்னைக் கண்டதும் முதலில் சிரித்து, பிறகு ஏசத் தொடங்கும் என் புஸ்பம் மச்சாளுக்கு,

உங்கள் ஆண்டுத் திவசத்துக்கு நினைவு மலர் அடிக்கிறார்கள். உங்கள் மகள் நிலானி என்னிடமும் ஒரு பக்கம் கேட்டாள். "அம்மாவப் பத்தி நல்லதா நாலு வரி எழுதித் தாங்க சித்தப்பா" என்றாள். ஓம் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. நல்லதாக நாலு வரி எழுதினால் அது பொய்யாக இருக்கும். உண்மையை எழுதினால் அவள் முகத்தில் எப்படி முழிப்பது?

அந்தக் கொம்பியூட்டர் என்னுடையது. இதை முதலில் எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் பயத்தில் சுற்றி வளைத்துக்கொண்டே இருப்பேன். அது உங்களுடையது என்றுதான் ஊர் நம்புகிறது, நிலானியும் நம்புகிறாள். உங்கள் முப்பத்தோராம் நாள் காரியத்தன்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள்: "தைக்கிற மனுசிக்கு அந்த விசர்க் கொம்பியூட்டர் என்னத்துக்கு? அது இல்லாட்டி எங்கட சீவியம் இப்பிடிச் சீரழிஞ்சிருக்குமா?" நான் பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் இந்த மலரை வாசிக்கிறவர்களுக்குத் தெரியாதே. சண்டை திரும்பவும் தொடங்கியிருந்த காலம். எனக்கு இருபத்தாறு வயது. வாவிக்கரை ஊர்களில் என் வயதுக்காரர்களை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவர்களைப் பற்றி ஒரு தகவலும் வராது. நான் டோகாவில் ஒரு வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேன். பதில் மின்னஞ்சலில் வரவேண்டும். டவுனில் இன்டர்நெட் கடைக்குப் போனால் வாசலில் நிற்பவன் யாரென்று தெரியாது. உங்கள் வீட்டில் தொலைபேசி லைன் இருந்தது, அண்ணன் உயிரோடு இருந்தபோது எடுத்தது. அதனால்தான் என்னுடைய பழைய கொம்பியூட்டரைக் கொண்டுவந்து உங்கள் தையல் அறையில் வைத்தேன். நீங்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. துணிகளை ஒதுக்கி மேசையில் இடம் செய்து தந்தீர்கள்.

விண்டோஸை வைரஸ் தின்றுவிட்டிருந்தது. தபாலில் இலவசமாக வந்த சீடியிலிருந்து லினக்ஸைப் போட்டேன். திரை, மவுஸ் எல்லாம் வேலை செய்தன. தொலைபேசி லைனில் இன்டர்நெட்டை இணைக்கிற மொடம் மட்டும் இல்லை. அது விண்டோஸுக்கென்றே செய்த மலிவு மொடம், தன் வேலையில் பாதியை விண்டோஸின் தலையில் கட்டிவிடும் சாதி. லினக்ஸோ அப்படியொரு சாதனமே இல்லை என்று அடித்துச் சொன்னது. நீங்கள் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தீர்கள்.

"கண்ணுக்கு முன்னால கிடக்கிற சாமான இல்லை எண்டு சொல்லுது. உன்ட கொம்பியூட்டருக்குப் பார்வை இல்லையா மச்சான்?"

பார்வை கொடுக்க ஒரு டிரைவர் வேண்டும். அந்தச் சிறிய நிரல் இன்டர்நெட்டில் இருந்தது. இன்டர்நெட்டுக்குப் போக டிரைவர் வேண்டும். ஆகவே எந்தக் கடைக்குப் பயந்தேனோ அங்கேயே போய், ஃபிளொப்பியில் இறக்கிக்கொண்டு பாலத்துச் சோதனைச் சாவடியைக் கடந்து வரவேண்டியதாயிற்று. முதல் தடவை அந்த ஃபிளொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால், டிரைவர் லினக்ஸின் மையமான கேர்னலின் வேறு பதிப்புக்குச் செய்தது. ஏற மறுத்துவிட்டது. இரண்டாம் தடவையும் அதே கதை. மூன்றாம் தடவை மூலநிரலையே எடுத்துவந்து இங்கே தொகுக்கலாம் என்று சொன்னேன்.

"நீ போகாத. பொம்பிளையளுக்குக் கேள்வி குறைவு. கடைக்காரனுக்கு என்ன வேணுமெண்டு ஒரு துண்டில எழுதித் தா" என்றீர்கள். சட்டைத் துணிகளுக்கு நடுவில் ஃபிளொப்பியை வைத்து நீங்களே கொண்டுவந்தீர்கள். உங்களுக்கும் பயம் இருந்திருக்கும் அல்லவா, மச்சாள்? நான் கேட்கவே இல்லை.

டிரைவர் ஏறியது. மொடத்தைக் கண்டுகொண்டது. ஆனால் டயல் செய்யச் சொன்னால் லைனில் ஒலி இல்லை என்றது. ரிசீவரைத் தூக்கினால் நம் காதுக்கு நன்றாகக் கேட்கிறது. எங்கே பிழை என்று பிடிக்க, மொடத்தின் கீச்சொலியைக் கேட்டாக வேண்டும். அந்தச் சத்தம் வேலி தாண்டி ஒழுங்கைக்குப் போனால், இந்த வீட்டில் யாரோ இரகசிய ரேடியோ செற் வைத்துப் பேசுகிறார்கள் என்பார்கள். அப்படிச் சொல்லப்பட்ட வீடுகளுக்கு என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும்.

கண்ணகி அம்மன் சடங்கு தொடங்கியதும் வழி சொன்னது நீங்கள்தான். ஒலிபெருக்கியை உங்கள் வேலியோரத் தென்னையில் கட்டியிருந்தார்கள். மத்தியானங்களில் அது அலறும்போது மட்டும் டயல் செய்து பார்த்தோம்.

இனி எழுதுவதை நான் உங்களிடம்கூடச் சொன்னதில்லை. சடங்கின் கடைசி நாள் காலையிலேயே எனக்கு விடை தெரிந்துவிட்டது. நம் ஊர் லைனின் ஒலி அந்த மொடம் எதிர்பார்க்கும் ஒலி அல்ல. ஒலிக்காகக் காத்திருக்காமல் டயல் செய் என்று ஒரு சின்னக் கட்டளை கொடுத்தால் போதும். அதற்குப் பக்கத்திலேயே ஸ்பீக்கரை நிறுத்தும் கட்டளையும் இருந்தது. இரண்டே எழுத்து. அதைச் சேர்த்திருந்தால் மொடம் மூச்சுக் காட்டாமல் இணைந்திருக்கும். நான் சேர்க்கவில்லை. இரண்டு மாதம் பாடுபட்டவன், அது பேசுவதைக் காதால் கேட்க ஆசைப்பட்டேன். அவ்வளவுதான் காரணம்.

டயல் செய்தது. கீச்சிட்டது. அந்த நேரம் பார்த்துக் கோயிலில் பாட்டை நிறுத்திவிட்டு யாரோ மைக்கைத் தட்டினார்கள். வீடு முழுக்க மொடத்தின் சத்தம் மட்டும். நான் கம்பியைப் பிடுங்கியிருக்கலாம். கை வரவில்லை. பிறகு அதுவும் ஓய்ந்தது, இணைப்புக் கிடைத்துவிட்டதென்று திரையில் எழுத்து வந்தது. வேலிப் படலை திறபட்டது.

வந்தவர்கள் யாரென்று இன்றும் எழுதமாட்டேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகளைப் பார்த்தார்கள். "இது யார்ட?" என்று ஒருவன் கேட்டான். நான் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீங்கள் தையல் மெசினை விட்டு எழும்பினீர்கள்.

"என்ட, ஐயா. இந்தத் தம்பி திருத்த வந்தவர்."

என் அடையாள அட்டை இலக்கத்தை எழுதிக்கொண்டு என்னைப் போகச் சொன்னார்கள். நான் போனேன், மச்சாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெட்டியையும் உங்களையும் ஏற்றினார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த நிலானி திறந்து கிடந்த வீட்டைத்தான் கண்டாள். அவளுக்கு ஒன்பது வயது.

மூன்றாம் நாள் வந்தீர்கள். ஐந்தாம் நாள் நான் கொழும்புக்குப் பஸ் ஏறினேன். அதன் பிறகு நீங்கள் கிழமைக்கொரு தரம் அவர்களிடம் போய்க் கையெழுத்து வைத்தீர்கள். பயத்தில் ஒருவரும் உங்களிடம் தைக்கக் கொடுக்கவில்லை. நிலானியைக் கரடியனாற்றில் சொந்தக்காரர் வீட்டில் விட்டீர்கள். அவள் அங்கேயே வளர்ந்தாள், உங்களைவிட்டுத் தூரமாகவே வளர்ந்தாள். நான் டோகாவிலிருந்து முதன்முதல் பேசியபோது நீங்கள் கேட்டது ஒன்றுதான்.

"அண்டைக்கு லைன் கிடைச்சுதா மச்சான்?"

"கிடைச்சது மச்சாள்."

"அப்ப சரி" என்று சிரித்தீர்கள். ஏசியிருக்கக்கூடாதா?

இதுவரை எழுதியதை நேற்று நிலானியிடம் கொடுத்தேன். தன் வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தவள் குசினி வாசலில் நின்றபடி வாசித்தாள். அன்று படலை திறபட்டபோது பயந்ததைவிட அதிகமாகப் பயந்தேன். அடிப்பாள், துரத்துவாள் என்று நினைத்தேன். அவள் தாள்களை மடித்தாள். "அம்மா போன் எடுத்து அழுத நேரமெல்லாம் நான் கட் பண்ணி வச்சிட்டன், சித்தப்பா" என்றாள். "அத இனி ஆருக்கிட்டப் போய்ச் சொல்ல?"

மடித்த தாள்களை என் கையில் வைத்துவிட்டு அவள் உள்ளே போனாள்.

மலரில் இதை ஒரு சொல் குறைக்காமல் போடச் சொல்லியிருக்கிறேன். உங்களைப் பற்றித் தப்பாகக் கதைத்த ஒவ்வொரு வீட்டுக்கும் நானே கொண்டுபோய்க் கொடுத்து, என் வாயாலும் சொல்வேன். நிலானியின் வீட்டுக்கும் திரும்பப் போவேன். அவள் உள்ளே கூப்பிடாவிட்டால் வாசலில் நிற்பேன். இன்றும் பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் இந்த முறை விட்டுவிட்டுப் போகமாட்டேன்.

உங்களை ஏற்றிக்கொண்டு போகவிட்ட மச்சான்,
யோகன்