சலேத்துக்குக் கயிறு பிடித்தவர்கள்

டீச்சரம்மா,

நம் பள்ளிக்கூடத்துக்கு இன்றைக்கு வெள்ளையடிக்கிறார்கள். சிப்பி சுட்ட சுண்ணாம்பைப் பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். அது கொதித்துக் கிளப்பும் வாடை தெரு முழுக்க நிற்கிறது. கடற்கரையிலிருந்து வந்துகொண்டிருந்தவன் அப்படியே வாசலில் நின்றுவிட்டேன். உங்களுக்கு அந்த வாடை ஆகவே ஆகாது. முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, "உங்க ஊர்ல மீன்தான் நாறுதுன்னா சுவருமா நாறணும்" என்பீர்கள். தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்த மூக்கு எங்கள் ஊருக்குப் பழக இன்னொரு பிறவி எடுக்க வேண்டும் என்பேன் நான்.

நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு என்னோடு அப்படி வம்புக்கு நிற்க ஆளில்லை. அதனால்தான் இந்த மடல். நான் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதில் பள்ளிக்கூடத்துக்கும் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. சிவப்பு மையோடு நீங்கள் வந்து நிற்கமாட்டீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

வெள்ளைக்காரன் ஜெர்மனியோடு சண்டை போட்ட காலம் அது. என் அக்காள் மகள் சலேத்து உங்கள் இரண்டாம் வகுப்புக்கு வந்தாள். பிறந்ததிலிருந்தே காது கேளாது. அதனால் பேச்சும் வரவில்லை. தெருவில் அவளுக்குப் பெயர் ஊமைச்சி. முதல் வகுப்பில் ஒரு வருஷம் முழுக்கக் கடைசி மணையில் உட்கார்ந்து பாவாடை நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தை நடத்தும் பெரிய மதர் உங்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: இந்த வருஷம் இன்ஸ்பெக்டர் வரும்போது அவள் தேறாவிட்டால் பெயரை அடித்துவிட்டு வீட்டுக்கு அனுப்ப வேண்டியது. அக்காளும் மனசைத் தேற்றிக்கொண்டு உப்பளத்தில் ஒரு வேலைக்குச் சொல்லி வைத்துவிட்டாள்.

நீங்கள்தான் மனசைத் தேற்றிக்கொள்ளவில்லை. பாளையங்கோட்டையில் காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் இடத்தைப் பார்த்து வந்த யாரையோ பிடித்து விசாரித்தீர்கள். மறுவாரத்திலிருந்து உங்கள் மேஜை மளிகைக்கடை மாதிரி ஆகிவிட்டது. உப்பு, புளி, சங்கு, கருவாட்டுத் துண்டு. கருவாட்டை மட்டும் காகிதத்தில் சுற்றி, இரண்டு விரலால் தூக்குவீர்கள். சலேத்தின் கையில் சாமானைக் கொடுத்து, வாயசைத்துச் சொல்லி, பெயரைப் பலகையில் எழுதிக் காட்டுவீர்கள். பிள்ளைக்குப் புத்தி கூர்மை என்பது தெரிந்துபோயிற்று. ஆனால் குனிந்த தலை நிமிராது. நீங்கள் எழுந்து போய்த் தோளைத் தொட்டால்தான் பார்ப்பாள். அதற்குள் மற்றப் பிள்ளைகள் வகுப்பைச் சந்தையாக்கிவிடும்.

அதற்குத்தான் என்னிடம் மெல்லிய கயிறு கேட்டீர்கள். வள்ளத்தில் கிடந்த பழங்கயிற்றைக் கொண்டுவந்து, ஒரு முனையை அவள் மணிக்கட்டில் கட்டினேன். மறுமுனையை உங்கள் கையில் நீங்களே சுற்றிக்கொண்டீர்கள். லேசாக அசைத்தால் நிமிர்ந்து பார்ப்பாள் என்பது உங்கள் கணக்கு. ஆற்றங்கரைக் கணக்கு. எங்கள் கரையில் கயிறு அசைந்தால், கடலுக்கு அடியில் சங்கெடுக்கிற ஒருவன் மூச்சுக்குத் தவிக்கிறான் என்று அர்த்தம். யோசனையே கிடையாது, இழுப்புதான். நீங்கள் அசைத்தீர்கள். சலேத்து எழுந்து, காலை மணையில் உதைத்து, இரண்டு கையாலும் மாற்றி மாற்றி இழுத்தாள். நீங்கள் நாற்காலியோடு வகுப்பின் நடுவுக்கு வந்து சேர்ந்தீர்கள்.

பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் ஓடு அதிர்ந்தது. மூச்சு முட்டிய ஆள் பிழைத்தாரா என்று பார்ப்பது போல சலேத்து உங்கள் முகத்தையே பார்த்தாள். பிறகு அவளும் சிரித்தாள். "என்னைக் கரையேத்திட்டா" என்று நீங்கள் புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்தீர்கள். அன்றிலிருந்து அவள் தலை குனியவில்லை.

ஆனாலும் ஒரு கையில் கயிறும் ஒரு கையில் சுண்ணாம்புக்கட்டியுமாக எத்தனை நாள் ஓட்ட முடியும்? ஒரு சாயங்காலம் என்னிடம் கேட்டீர்கள்: சங்கு குளிக்கிறவருக்குக் கயிறு பிடிக்க ஏன் பெண்டாட்டியின் உடன்பிறந்தான்தான் வரவேண்டும், பலசாலியாக வேறு ஆள் கிடைக்காதா என்று. நான் பிடிப்பதும் சலேத்தின் அப்பாவுக்கு, என் மச்சானுக்குத்தானே.

"மச்சான் கடலோட போய்ட்டாருன்னா எங்க அக்கா பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு எங்க வீட்டுக்கில்லா வருவா" என்றேன். "அவ சோத்துக்கும் வாய்க்கும் பயந்துதான் டீச்சரம்மா கண்ண மூடாமப் பிடிக்கேன்."

நீங்கள் சிரித்தீர்கள். சட்டென்று சிரிப்பு நின்றுவிட்டது. மறுநாள் கயிற்றின் மறுமுனை பிலோமியின் கையில் இருந்தது. வகுப்பிலேயே பெரிய வாயாடி. அவள் அம்மாவின் அகப்பைக்குத் தெருவே பயப்படும். நீங்கள் சொன்ன சட்டம் இதுதான்: இனி இருவருக்கும் ஒரே மார்க்கு, யார் குறைவோ அவள் மார்க்கு.

பிலோமி கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே, "அப்பம் நான் இவளுக்கு மச்சானா டீச்சர்?" என்று கேட்டாளாம்.

அதற்கப்புறம் பிலோமியைப் பார்க்க வேண்டுமே. தெருவில், கோயிலில், குழாயடியில், எங்கே பார்த்தாலும் சலேத்தைப் பிடித்து நிறுத்தி வாயைக் கோணிக் கோணி வாய்ப்பாடு சொல்வாள். வேகமாகச் சொன்னால் சலேத்து அவள் கன்னத்தைப் பிடித்து நிறுத்துவாள். ஒருத்தி அம்மாவின் அகப்பைக்குப் பயந்து, இன்னொருத்தி உப்பளத்துக்குப் பயந்து, இரண்டும் படித்தன.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று கடல் கலங்கிக் கிடந்தது, சங்கு குளிக்கப் போகவில்லை. மச்சான் பள்ளிக்கூடப் பக்கம் வரவே பயந்து கரையில் உட்கார்ந்துவிட்டார். நான் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். இன்ஸ்பெக்டர் நல்ல ஆகிருதி. கயிற்றைப் பார்த்ததும், ஆட்டுக்குட்டியா கட்டிப்போட என்று கேட்டார். நீங்கள் விளக்கம் சொன்னீர்கள். சரி, நீங்கள் வெளியே நில்லுங்கள் என்றார். ஆகவே நீங்களும் என் பக்கத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள்.

அவர் கணக்கைச் சொன்னார். பிலோமி கயிற்றை அசைத்தாள். சலேத்து நிமிர்ந்தாள். நிமிர்ந்தவள் அப்படியே விழித்தாள். அவர் மறுபடியும் சொன்னார். சிலேட்டில் குச்சி நகரவில்லை. பெரிய மதர் உதட்டைக் கடித்தார். எனக்கு அப்போதுதான் பட்டது: அந்த மனுஷருக்கு மீசை. வாயே இல்லையோ என்று சந்தேகப்படும்படியான மீசை. நீங்களும் அதைப் பார்த்துவிட்டீர்கள். உள்ளே போகவும் முடியாது.

பிலோமி எழுந்து நின்றாள்.

"ஐயா, ஒங்க மீசை வாய மூடுது. இவளுக்குத் தெரியல. கொஞ்சம் ஒதுக்கிக்கிட்டுச் சொல்லுங்க."

இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்தார், சலேத்தைப் பார்த்தார். பிறகு, டீச்சரம்மா, அந்தப் பெரிய மனுஷர் சலேத்தின் எதிரே மணையில் உட்கார்ந்து, இரண்டு விரலால் மீசையை மேலே தூக்கிக்கொண்டு கணக்கைச் சொன்னார். அவர் விரலை எடுப்பதற்குள் சலேத்து விடையை எழுதிவிட்டாள். இன்னொன்று கேட்டார். எழுதினாள். மேஜையிலிருந்த சங்கை எடுத்துக் காட்டினார். 'சங்கு. அப்பா எடுப்பார்' என்று எழுதினாள். அவர் கேட்டது பெயரை மட்டும்தான்.

மீசையை நீவிக்கொண்டே, இரண்டு பேரும் மூன்றாம் வகுப்பு என்றார். பிலோமி அப்படியே மணையில் சரிந்து, "யம்மா, பொழச்சேன்" என்றாள்.

சாயங்காலம் மச்சான் ஒரு முழுச் சீலாமீனைத் தோளில் போட்டுக்கொண்டு உங்கள் வீட்டுக்கு நடந்தார். பின்னால் பாதித் தெரு. நீங்கள் சைவம் என்பது அந்தச் சந்தோஷத்தில் ஒருத்தருக்கும் ஞாபகமில்லை. நீங்கள் கதவுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்று சொன்னீர்கள்:

"மீன் வேண்டாம். எனக்கு வேற ஒண்ணு குடுங்க. இனிமே யாரும் அவ முதுகுக்குப் பின்னால நின்னு பேசாதீங்க. முன்னால வந்து, முகத்தக் காட்டிப் பேசுங்க."

தெரு அதைக் கொடுத்தது. எங்கள் கரையில் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். கூப்பிட வேண்டியவர்கள் சுற்றிக்கொண்டு அவள் முன்னால் வந்தார்கள். ஊமைச்சி என்ற பெயர் எப்போது உதிர்ந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. முகத்தைப் பார்த்துக்கொண்டு அப்படிக் கூப்பிட வாய் வரவில்லை போலிருக்கிறது. சலேத்து இப்போது எட்டாம் வகுப்பு. பிலோமியும் அதே மணையில்தான்; இப்போதெல்லாம் அந்த வாயாடிக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பது சலேத்து.

எனக்கு மட்டும் அந்தப் பழக்கம் முற்றிவிட்டது. யாரிடமும் முகம் பார்க்காமல் பேச வரமாட்டேன் என்கிறது. வள்ளத்தில் திரும்பித் திரும்பிப் பேசி, கூட இருப்பவர்கள் வைகிறார்கள். போன வாரம் கோயிலில் செய்த பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்கால் போட்டவன், சாமியாரை மறைக்கும் சல்லடைத் தட்டியைச் சுற்றி எட்டிப் பார்த்துவிட்டேன்.

"ஏலே, அங்கன என்ன எட்டிப் பாக்க?" என்றார் சாமியார்.

"மூஞ்சியப் பாத்தாத்தான் சாமி எனக்குப் பேச்சு வரும்" என்றேன்.

அதற்காக மாதாவுக்குச் சொல்லும் அருள் நிறைந்த மந்திரம் ஒன்றை அபராதமாகக் கூட்டிப் போட்டார். அதை உங்களுக்காகச் சொல்லிவிட்டேன். சைவக்காரிக்கு அது வந்து சேருமா என்று வம்புக்கு வராதீர்கள். சேரும், டீச்சரம்மா.