மச்சான் வண்டியில போன நண்டு

கடப்பாக்கம்,
2003, ஆடி மாசம்.

கோவளத்து மச்சானுக்கு,

உன் அக்கா சௌக்கியமா கீறா. நானும் சௌக்கியம்னு எழுதச் சொன்னா, எழுதிட்டேன்.

நாம ரெண்டு பேரும் ஒரே சிங்கப்பூர் கடைக்குத்தான் உயிர் நண்டு அனுப்பறோம். எங்க கழிவெளி ஏரி நண்டு உன் நண்டைவிடப் பெருசு, அது உனக்கே தெரியும். ஈசிஆர் ரோடு எங்க ஊர் வழியாவும்தான் போவுது. ஆனா ஏர்போர்ட்டு உனக்குக் கிட்ட கீது. என் கூடை வெயில்ல குலுங்கிக்கினு போய்ச் சேரறதுக்குள்ள கால்வாசி செத்துடுது. செத்த நண்டுக்கு அங்க ஏது மரியாதை? ஊரெல்லாம் உன்னைக் கெட்டிக்காரன்றாங்க. கெட்டிக்காரன் நீ இல்ல, நீ பொறந்த எடம்.

போன வாரம் என் வேன் உன் வூட்டாண்ட நின்னுப்போச்சி. "இறக்கு மாமா, என் வண்டில போட்டுக்கலாம்"னு உன் கூடையை இறக்கிட்டு என்னுதை ஏத்துன. ஈர சாக்கு வேற போர்த்தி உட்ட.

நேத்து சிங்கப்பூர் கடைக்காரன் போன் பண்ணான். ஒண்ணுகூட சாவலையாம். "கோவளத்துல ஏது இவ்ளோ பெரிய நண்டு?"ன்னு உன்னைக் கேட்டதுக்கு, "அது எங்க மாமாவோடது"ன்னு சொன்னியாமே.

உன்னுதுன்னு சொல்லித் தொலைக்கக் கூடாது? ஏர்போர்ட்டும் உனக்கு, கெட்டிக்காரன்ற பேரும் உனக்கு. நல்ல மனசும் உனக்கேதான் இருக்கணுமா? உன் அக்கா நேத்துலருந்து உன் பேச்சாவே கீறா.

வெள்ளிக்கிழமை மறுபடியும் கூடை வருது. வண்டில எடம் வையி.

உன் அக்கா வூட்டுக்காரன்