பாடமாக்கிய பக்கங்கள்

ரீச்சர்,

பேக்கரியின் பாண் ஓட்டோ இப்போதும் நாலு மணிக்குத்தான் வருகிறது. அதே பாட்டு. ஒழுங்கை முகப்பில் அது கேட்கத் தொடங்கியதும், உங்கள் படலைக் கொழுக்கி கழலும் சத்தத்துக்கு என் காது காத்துக்கொண்டிருக்கும். இன்றைக்கும் காத்திருந்தது. ஓட்டோக்காரர் பழக்கத்தில் உங்கள் வீட்டடியில் ஒரு கணம் மெதுவாக்கிவிட்டுப் போனார். பணிஸ் வாசம் வேலிக்கு மேலால் வந்தது. நான் எழும்பிப் போகவில்லை. என் முன்னால் ஆரணி வாசிப்புப் புத்தகத்தை விரித்தபடி நின்றாள். நான் படத்தைக் கையால் பொத்திக்கொண்டிருந்தேன். அவள் வாய் திறக்கவில்லை.

நீங்கள் அறிந்த அதே ஆரணிதான், என் மகள் வதனியின் பிள்ளை. இப்போது மூன்றாம் தரம். இன்று வெள்ளிக்கிழமை. விடுமுறை முடிந்து திங்கட்கிழமை பள்ளிக்கூடம் தொடங்குகிறது. தவணை முடிவில் வகுப்பு ரீச்சர் வதனியைக் கூப்பிட்டுச் சொன்னது இதுதான்: "லீவு முடிஞ்சு வந்த அண்டைக்கு, நான் படிப்பிக்காத ஒரு பக்கத்தைக் குடுத்து வாசிக்கச் சொல்லுவன். ஏலாட்டி வாசிப்புப் பாடத்துக்கு முதலாம் தரப் பிள்ளையளோடை போய் இருக்கட்டும்." ஆரணியும் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறாள். அன்றிலிருந்து பிள்ளை சோற்றை அளைகிறாளே தவிரச் சாப்பிடுவதில்லை.

மன்னிப்புக் கேட்பதற்கு இதை எழுதவில்லை. அது எனக்கு வராத காரியம் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் இந்தப் பயத்தை வேறு யாரிடம் கொண்டுபோவது? வதனி விடிய யாழ்ப்பாணத்துப் புடவைக் கடைக்குப் பஸ் ஏறினால் பொழுதுபடத்தான் வருவாள். மருமகன் கட்டாரில். விடுமுறை முழுவதும் பிள்ளை என் கையில்.

போன வருடமும் இதே ஆவணி விடுமுறைதான். பாண் ஓட்டோவடியில் நீங்கள் ஒரு றாத்தல் பாணை வாங்கிக்கொண்டு நின்றீர்கள். நான் பெருமைக்காகத்தான் ஆரணியைப் புத்தகத்தோடு படலைக்குக் கூட்டிவந்தேன். அவள் விரலை எழுத்துக்குக் கீழே ஓட்டி ஓட்டி மூன்று பக்கத்தை ஒரு தடக்கும் இல்லாமல் வாசித்தாள். ஓட்டோக்காரர்கூட, "கெட்டிக்காரி," என்று ஒரு பணிஸை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

நீங்கள் சிரித்துக்கொண்டே, "எங்கை, மற்றப் பக்கத்தையும் பாப்பம்," என்று தாளைப் புரட்டினீர்கள். இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டினீர்கள். மேலே இருந்த படத்தைப் பாண் பையால் மறைத்தீர்கள். ஆரணி விரலை வைத்தாள். சந்தைக்குப் போன கதையைச் சொல்லிக்கொண்டே போனாள். அந்தப் பக்கத்தில் இருந்ததோ மழை பெய்த கதை. சந்தை அதற்கு முந்திய தாளில் இருந்தது.

"அண்ணை, இவ வாசிக்கேல்லை," என்றீர்கள். "எல்லாத்தையும் பாடமாக்கி வைச்சிருக்கிறா."

"நானும் அப்பிடித்தான் படிச்சனான்."

"தெரியும். நீங்கள் வேறை, அண்ணை."

"என்ன வேறை? நான் ஆசிரியர் கலாசாலைக்குப் போகாததைச் சொல்லுறியளோ?"

"உங்களோடை கதைக்கிறதெண்டால் ஒரு பிளேன்ரீ குடிச்சுப்போட்டுத்தான் வரவேணும்," என்றீர்கள். ஓட்டோக்காரர் சிரித்தார். அவர் சிரித்ததுதான் எனக்குத் தைத்தது.

நான் படித்த விதத்தை உங்களுக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். இன்னுமொரு தரம் சொல்லுவேன். மூத்தவனுக்குப் பள்ளிக்கூடம், எனக்கு மண்வெட்டி என்று எங்கள் வீட்டில் முடிவானபோது நான் இரண்டாம் வகுப்பு. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறத் தேவையும் இல்லை. எழுத்துத் தெரியாவிட்டாலும் பிள்ளையார் கோயிலில் பூசைக்குப் பாடும் பதிகங்கள் எல்லாம் எனக்குக் கேள்வியில் பாடம். பதினேழு வயதில், கோயிலில் கிடந்த ஒரு பழைய பதிகப் புத்தகத்தை ஐயரிடம் கேட்டு வாங்கினேன். தெரிந்த பாட்டை மெல்ல மெல்லச் சொல்லி, சொல்லுகிற சத்தத்துக்கு நேரே எழுத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு போனேன். ஆறு மாதத்தில் பேப்பர் வாசித்தேன். எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆகவே ஆரணிக்கும் முதலில் பக்கத்தைப் பாடமாக்கிக் கொடுத்தேன். நான் வாசிப்பேன், அவள் திருப்பிச் சொல்லுவாள். பத்து நிமிடத்தில் ஒரு பக்கம். அப்படி ஒரு காது அவளுக்கு. எழுத்துத் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தேன்.

அன்றைக்குப் படலையில் நின்று நீங்கள் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் வைத்திருக்கிறேன். "உங்களுக்கு எழுத்து வேணுமெண்ட பசி இருந்தது, அண்ணை. பாட்டை நிப்பாட்டிப்போட்டு எழுத்தைப் பாத்தனீங்கள். இவவுக்கு அந்தப் பசி இல்லை. நீங்கள் குடுக்கிற சத்தத்தோடை இவவுக்கு வயிறு நிரம்பிப்போகுது."

நல்ல பேச்சுத்தான். ஒழுங்கையில் வைத்துச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அதை இப்போதும் சொல்லுவேன்.

அன்று பின்னேரமே இரண்டு வளவுக்கும் நடுவே வேலியில் இருந்த பொட்டை அடைத்தேன். குனிந்து உள்ளே வந்து உப்புப் புளி மாறிக்கொண்ட பொட்டு அது. ஆரணி உங்கள் வீட்டு விளாட் மாம்பழத்துக்கு ஓடிய வழி. ஓலையை இரட்டையாக வைத்துக் கட்டினேன். "இனி அங்காலை போகக்கூடாது," என்று அவளுக்குச் சொன்னேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ நீங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று கூப்பிட்டீர்கள். நான் வெங்காயத்துக்கு இறைக்க ஆயத்தப்படுத்திக்கொண்டிருந்தேன்.

"அண்ணை, கோவம் என்னோடை. பிள்ளையோடை இல்லையே. ஒரு நாளைக்குப் பத்துச் சொல்லுக் குடுங்கோ. படம் இல்லாமல். அவ கேட்டறியாத சொல்லு. அதுக்கு முதல் ஒண்டு செய்யவேணும், என்னெண்டால்—"

நான் இறைக்கும் மிசினை இழுத்து ஸ்ரார்ட் பண்ணிவிட்டேன்.

நீங்கள் நிறுத்தவில்லை. ஓலைக்கு மேலால் உங்கள் கை மட்டும் தெரிந்தது. அது ஒரு பெட்டி மாதிரிக் காட்டியது, பிறகு விரலை மடித்து மடித்து எதையோ எண்ணியது. இரண்டு நிமிடம் இருக்கும். நான் முதுகைக் காட்டிக்கொண்டு வாய்க்காலைத் திருப்பினேன். மிசினை நிறுத்தியபோது கை இல்லை. மாசி மாதம் நீங்கள் போனபோது உங்கள் செத்தவீட்டில் மற்ற ஆம்பிளைகளோடு பந்தலுக்குள் இருந்தேன். உங்கள் மகன் கனடாவிலிருந்து வந்திருந்தார். "அம்மா உங்களைப் பற்றி அடிக்கடி கதைக்கிறவ," என்றார். என்ன கதைத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.

அதுக்கு முதல் ஒன்று செய்யவேண்டும் என்றீர்களே. என்னது அது?

இந்த ஒரு மாதமாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பெட்டி மாதிரிக் காட்டியது என்ன? எழுத்தைப் பெட்டிக்குள் எழுதச் சொன்னீர்களா? மற்ற எழுத்துகளை மறைத்து ஒன்றை மட்டும் காட்டச் சொன்னீர்களா? எண்ணியது எதை? நான் எல்லாவற்றையும் செய்து பார்க்கிறேன். எது சரி, எது பிழை என்று சொல்ல ஆள் இல்லை. தெரியாமல் மருந்து அடித்துவிட்டுப் பயிரைப் பார்த்துக்கொண்டு நிற்பதுபோல நிற்கிறேன்.

விடுமுறையின் முதல் நாள் நான் அவளைப் படத்தை மறைத்து வாசிக்கச் சொன்னேன். அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"அம்மப்பா, படத்தை மறைச்சால் எனக்கு எப்பிடித் தெரியும்?"

"கீழை எழுதிக்கிடக்கே."

"படத்திலை இருக்கிறதைத்தானே கீழை எழுதியிருக்கினம்?"

அவள் பொய் சொல்லவில்லை, ரீச்சர். வாசிப்பு என்றால் அதுதான் என்று அவள் மூன்று வருடமாக நம்பியிருக்கிறாள். அப்படி நம்பவைத்தவன் நான்.

பத்துச் சொல்லு என்று நீங்கள் சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டேன். அவள் கேட்டறியாத சொல்லுக்கு எங்கே போவது? ஆடு, மாடு, மாம்பழம் எல்லாம் முதல் எழுத்தைக் கண்டதும் ஊகித்துவிடுகிறாள். கடைசியில் வெங்காயத்துக்கு அடிக்கும் மருந்துகளின் பெயர்களைத் துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுத்தேன். வாயில் நுழையாத பெயர்கள். ஒரு எழுத்தை விட்டாலும் பிடிபடும். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "இதென்ன அம்மப்பா, ஆற்றையன் பேரோ? இவருக்குப் பொம்பிளை ஆரும் குடுப்பினமோ?" என்றாள். விடுமுறையில் அவள் சிரித்தது அன்றைக்குத்தான். இது கலாசாலையில் படிப்பிக்கும் முறை இல்லை. நீங்கள் இருந்தால் ஒத்துக்கொண்டிருப்பீர்களோ தெரியாது. ஒத்துக்கொள்ளாவிட்டாலும் நான் செய்திருப்பேன்.

அந்த முறையில் எழுத்து எழுத்தாகப் பார்க்கத் தொடங்கினாள் என்பது உண்மை. ஆனால் அடுத்த நாள் அதே துண்டைக் காட்டினால், பார்க்காமலே சொல்லுகிறாள். பாடமாகிவிட்டது. அந்தக் காது இப்போது எனக்கு எதிரியாகிவிட்டது. ஒவ்வொரு நாளும் புதிதாகப் பத்து வேண்டும். மருந்துப் பெயர்கள் முடிந்து, மருதனார்மடத்து மருந்துக்கடை வாசலில் நின்று குளிசைப் பெட்டிகளின் பெயர்களை எல்லாம் எழுதிக்கொண்டு வந்தேன். கடைக்காரர் எனக்கு என்ன வருத்தம் என்று கேட்டார்.

நேற்றுப் பத்தில் ஆறு சரி. இன்று நாலு. கொம்பு முன்னால் நிற்கும் எழுத்துகளில் அப்படியே நின்றுவிடுகிறாள். நான் குரலை உயர்த்தக்கூடாது என்று நினைத்துக்கொண்டே உயர்த்திவிட்டேன். வதனி வேலையால் வந்து, செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ரீச்சரோடை கோவிச்சுக்கொண்டு பொட்டை அடைச்சியள். இப்ப பிள்ளையோடையும் கோவிச்சுக்கொண்டு எதை அடைக்கப் போறியள், அப்பா?"

எழும்பிக் கிணற்றடிக்குப் போனேன். சிறிது நேரத்தில் ஆரணி பின்னால் வந்து தொட்டிக் கட்டில் இருந்தாள். காலை ஆட்டிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி கேட்டாள்.

"அம்மப்பா, நான் மொக்கோ?"

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. மற்றப் பிள்ளையள் எல்லாம் வாசிக்கினம். எனக்கு மட்டும் ஏன் வரேல்லை?"

இல்லை, நீ மொக்கு இல்லை என்றேன். அப்ப ஏன், என்று திரும்பவும் கேட்டாள். அந்த ஏனுக்கு என்னிடம் பதில் இருந்தது. பதில் நான்தான். மூன்று வருடம் ஒவ்வொரு பின்னேரமும் பக்கத்தில் இருந்து பழக்கியவன் நான். பிழையைக் கண்டுபிடித்தவரை வேலி போட்டு மறித்தவனும் நான். எழுபத்து நாலு வயதில், ஒரு எட்டு வயதுப் பிள்ளைக்கு அதைச் சொல்வதை விட்டுவிட்டு, "தண்ணியிலை கால் படப்போகுது, கவனம்," என்றேன். அவள் எழும்பிப் போய்விட்டாள்.

ரீச்சர், திங்கட்கிழமைக்குள் அவள் சரளமாக வாசிக்கப் போவதில்லை. அதை நான் அறிவேன். அந்தப் பக்கத்தின் முதல் வரியைத் தாண்டினாலே பெரிய காரியம். தாண்டாவிட்டால் அந்த வகுப்பில் எல்லாருக்கும் முன்னால் அவள் தன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு முதலாம் தரத்துக்கு நடப்பாள். நடக்கும்போது, தான் மொக்கு என்று அவளே முடிவெடுத்துவிடுவாள். எனக்குத் தெரியும். என் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நானும் ஒரு நாள் அப்படி நடந்திருக்கிறேன்.

ஆகவே வதனி அல்ல, நான்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன். புத்தகத்தை விரிப்பதற்கு முதல், எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்கத்தக்கதாக அந்த வகுப்பு ரீச்சருக்கு ஒன்றைச் சொல்லவேண்டும். அவவுக்கு என் மகளின் வயதுகூட இருக்காது. உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டியது. நீங்கள் இன்னும் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்று கேட்டால், மாட்டேன்.

இருட்டுகிற நேரம் தோட்டத்தில், பாத்திக்கு நடுவே நின்று சொல்லிப் பார்த்தேன். "பிள்ளையிலை பிழை இல்லை, ரீச்சர். நான்தான் பிழையாய்ப் பழக்கினனான்." முதல் பாதி சுகமாக வருகிறது. இரண்டாம் பாதியில் 'நான்தான்' என்ற இடத்தில் நின்றுவிடுகிறேன். திரும்பவும் தொடக்கத்திலிருந்து சொன்னேன். பிறகும் சொன்னேன். ஆரணி எப்போது வரம்பில் வந்து நின்றாளோ தெரியாது.

"என்ன அம்மப்பா," என்றாள், "பாடமாக்கிறியளோ?"

ஓம் என்றேன்.