ஓட்டப் பனியன்

அக்டோபர் 6, திங்கள்

ஓட ஆரம்பித்துப் பத்தொன்பது நாள். தாயில்பட்டி விலக்கிலிருந்து கண்மாய்க் கரை வரை, போக வர நாலு கிலோமீட்டர். "சர்க்கரை முந்நூறு. ஓடுங்க, இல்லன்னா ஊசிதான்" என்றார் டாக்டர். ஊசிக்குப் பயந்து ஓடுகிறேன், வேறு பெருமை ஒன்றும் கிடையாது.

தீபாவளிக்கு இரண்டே வாரம். காலையில் பட்டாசுக் கம்பெனி கேட்டிலேயே, மருந்து அடைக்கிற மாரிசெல்வியைத் திருப்பி அனுப்பினேன். சேலை காட்டன், உள்பாவாடை நைலான்.

"வெளிய தெரியாதுல்லண்ணே" என்றாள்.

"மருந்துக்குத் தெரியும். வீட்டுக்குப் போ."

நைலான் உரசிப் பொறி பறந்தால் வெடிமருந்து ரூமே இருக்காது. இருபது வருடமாகப் போர்மேனாக இதே பாட்டைத்தான் பாடுகிறேன். ஒரு நாள் கூலி போன கடுப்பில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

அக்டோபர் 7, செவ்வாய்

ஓடினேன். இடுப்பு வலி.

அக்டோபர் 8, புதன்

ஓடவில்லை. விடியும் முன்னே சின்ன முதலாளி ஹரிபிரசாத் போன். இன்னொரு ஆர்டர், இன்னொரு லோடு. இந்த மனுசனுக்குத் தூக்கமே வராதா?

அக்டோபர் 9, வியாழன்

எழுத வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

நேற்றைக்கும் சேர்த்து ஆறு கிலோமீட்டர் ஓடினேன். திரும்பும்போதே தெருவில் கம்பெனி வேன் ஹாரன். குளிக்கவில்லை. பேண்டை மாற்றி, மேலே காட்டன் சட்டையை மாட்டிக்கொண்டு ஏறிவிட்டேன். ஆள் குறைவு. மதியம் வரை மாரிசெல்வியோடும் இன்னும் இரண்டு பெண்களோடும் மருந்து அடைக்கிற ரூமில் நின்றேன்.

நாலு மணிக்கு வீட்டில் சட்டையைக் கழற்றினால் உள்ளே ஓட்டப் பனியன். மகள் ஸ்ரீமதி வாங்கிக் கொடுத்தது. பாலியஸ்டர். தலைவழியாக உருவும்போது சடசடவென்று சத்தம். கை முடியெல்லாம் எழுந்து நின்றது.

அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். நானா? நானா இதைச் செய்தேன்?

கேட்டில் பெண்களைச் சண்முகத்தாய் தடவிப் பார்ப்பாள். ஆண்களை வாட்ச்மேன் கருப்பணன் பார்ப்பான். அவர்கள் ஒழுங்காகப் பார்க்கிறார்களா என்று நான் பார்ப்பேன். என்னை எவன் பார்த்தான் — இருபது வருடத்தில் ஒரு நாள்?

அக்டோபர் 10, வெள்ளி

ஓட எழுந்தேன், கால் வரவில்லை.

ஹரிபிரசாத்திடம் சொன்னேன். "ஒண்ணும் ஆகலல்ல வெள்ளைத்துரை அண்ணாச்சி. வெளிய சொல்லாதீக. பயந்துபோயி சீசன்ல ஆளு நின்னுரும்" என்றார்.

ஒண்ணும் ஆகல. ஆமா. ஆகியிருந்தா மூணு பொம்பளைகளையும் நீயா வந்து பொறுக்குவே? அவர் முன்னால் இது வாயில் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்தேன். மானங்கெட்ட தலை.

நாள் முழுக்க மாரிசெல்வி இருந்த பக்கமே போகவில்லை. தூரத்தில் டப்பா விழுந்தாலும் அந்த ரூமைத் திரும்பிப் பார்த்தேன்.

அக்டோபர் 11, சனி

சொல்லிவிட்டேன். கேட்டில், எல்லோரும் செருப்பைக் கழற்றுகிற இடத்தில் வைத்து. பாலியஸ்டர் பனியனோடு வியாழக்கிழமை உள்ளே போனேன் என்று.

மாரிசெல்விதான் கேட்டாள்: "எந்த ரூம்லண்ணே?"

"உங்க ரூம்லதாம்மா."

அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். திட்டியிருக்கலாம், மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். "என்னைய மட்டும் வீட்டுக்கு அனுப்பினீகளே" என்றாள். அவள் வேலைக்கு நிற்கவில்லை. வேனும் வேண்டாமென்று வெயிலில் நடந்தே ஊருக்குப் போனாள்.

சாயங்காலம் ஹரிபிரசாத் போன். தீபாவளி முடிந்ததும் என் வேலையைப் பற்றிப் பேசணுமாம். பேசட்டும்.

அக்டோபர் 12, ஞாயிறு

லீவு. "இன்னமும் ஓடுவீகளா?" என்று கேட்டாள் என் வீட்டுக்காரி அழகுமீனா. தெரியல என்றேன்.

அக்டோபர் 13, திங்கள்

ஓடினேன். இரண்டு கிலோமீட்டர்தான், அதுவும் பனியன் இல்லாமல் வெறும் மேலோடு. குளித்து, உள்ளாடை முதல் எல்லாம் மாற்றி, வேன் வருமுன்பே தெருவில் நின்றேன். வேனில் மாரிசெல்வி இருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

கேட்டில் வரிசையின் கடைசியில் போய் நின்றேன். "நீங்க போங்கண்ணே, உங்களப் போயி" என்று கருப்பணன் நெளிந்தான். நான் நகரவில்லை. அவனுக்கு என்னைத் தொடக் கை வரவில்லை.

உள்ளே போயிருந்த மாரிசெல்வி திரும்பி வந்தாள். என் சட்டைக் காலரை இரண்டு விரலால் இழுத்து, உள்ளே இருந்த பனியனைக் கசக்கிப் பார்த்தாள். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"காட்டன்தான்" என்று கருப்பணனிடம் சொன்னாள். என்னிடம், "நாளைக்கும் பாப்பேன்" என்று சொல்லிவிட்டு ரூமுக்குப் போனாள்.